ஆத்துல தண்ணி வந்துருச்சு, மிஸ்!

ஜூன் மாதம் வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு திறப்பு. ஒன்று மேட்டூர் அணை. தண்ணீர் இருக்கிற வருடத்தில் ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். இன்னொன்று பள்ளிக்கூடம். மேட்டூரில் திறந்த தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து ஊர் ஊராகப் போகும். (கல்லணைக் கால்வாய் என்பது காகிதத்தில் இருக்கிற பெயர். தஞ்சாவூரில் யாரைக் கேட்டாலும் அது புது ஆறுதான்.) காய்ந்து கிடந்த மணலில் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் ஓடி வருவதை வேடிக்கை பார்க்கப் பாலத்து மேல் ஆட்கள் நிற்பார்கள்.

ஒரு நாலு வயதுக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்.கே.ஜி சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. கழுத்தில் டை, இடுப்பில் பெல்ட், முதுகில் தன்னைவிடப் பெரிய பை. வேன் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியாக அது தண்ணீரைப் பார்த்துவிட்டது. வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, மூச்சு வாங்க, அந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது:

"மிஸ், ஆத்துல தண்ணி வந்துருச்சு!"

பதில் என்ன வரும் என்று இந்த ஜில்லாவில் நர்சரி ஸ்கூல் வாசலில் பத்து நிமிடம் நின்றவர்களுக்குத் தெரியும். "நோ டமில். சிட் டவுன். ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்." குழந்தை உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்காரும். அடுத்து மிஸ் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுவார். "வாட் இஸ் திஸ்?" முப்பது குரலும் ஒரே ராகத்தில், "திஸ் இஸ் அ கேட்!" இதற்குப் பெயர் பேச்சுப் பயிற்சி. வாசலில் ஃபிளெக்ஸ் போர்டில் 'எல்.கே.ஜி முதல் ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இங்கே இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று குழந்தை சொன்னது. இன்னொன்று குழந்தையைச் சொல்ல வைத்தது. எதில் இலக்கணம் அதிகம்?

குழந்தையின் வாக்கியத்தை எடுங்கள். 'ஆறு' என்ற சொல்லோடு 'ல' சேர்த்தால் 'ஆறுல' என்றுதானே வரவேண்டும்? குழந்தை அப்படிச் சொல்லவில்லை. 'ஆத்துல' என்கிறது. வீடு? 'வீட்டுல'. மரம்? 'மரத்துல'. கை? 'கையில'. ஒன்றில் மெய் இரட்டிக்கிறது, ஒன்றில் 'ம்' விழுந்து 'அத்து' நுழைகிறது, ஒன்றில் நடுவே 'ய்' வருகிறது. பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பில் இதற்கெல்லாம் சாரியை, உடம்படுமெய் என்று பெயர் வைத்து, நன்னூல் சூத்திரம் காட்டி, இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்பார்கள். பாதிப் பேர் தப்பாக எழுதுவார்கள். எழுதும்போதுதான் தப்பு. பேசும்போது ஒருத்தன் 'மரம்ல' என்று சொல்லிக் கேட்க முடியாது. இன்னொரு வேடிக்கை. அதே குழந்தை கொஞ்சம் வளர்ந்து கணக்குப் போடும்போது 'ஆறுல ரெண்டு போனா நாலு' என்று சரியாகச் சொல்லும். தண்ணீர் ஓடுகிற ஆறு என்றால் 'ஆத்துல', எண் ஆறு என்றால் 'ஆறுல'. இதை யாரும் அதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுத்து 'வந்துருச்சு'. வெறும் 'வந்துச்சு' இல்லை. எதிர்பார்த்துக் காத்திருந்த ஒன்று நடந்து முடிந்துவிட்டது என்பதை 'ருச்சு' சொல்கிறது. தாத்தா ஒரு வாரமாகத் திண்ணையில் உட்கார்ந்து 'தண்ணி எப்ப வருமோ' என்று புலம்பியது அந்த மூன்று எழுத்தில் அடங்கியிருக்கிறது. இதே குழந்தை நேற்று 'தண்ணி வருமாம்' என்று சொல்லியிருக்கும். தான் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டது என்பதற்கு ஒரே ஒரு 'ஆம்'. இங்கிலீஷில் அதற்குத் தனியாக நாலு வார்த்தை போட வேண்டும். கூட விளையாடுகிற பிள்ளையை 'எங்க வீட்டுக்கு வா' என்று கூப்பிடுகிற குழந்தை, தம்பியிடம் 'நம்ம வீட்டுக்குப் போலாம்' என்கிறது. கேட்கிற ஆளைச் சேர்த்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்து பேசுகிறது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'அவர்'.

இது மனப்பாடம் இல்லை, விதி தெரிந்து பேசுவதுதான் என்று 1958-லேயே ஜீன் பெர்கோ என்ற அமெரிக்கப் பெண் காட்டிவிட்டார். உலகத்திலேயே இல்லாத ஒரு பிராணியின் படத்தை வரைந்து, அதற்கு 'வக்' என்று பெயர் வைத்து, 'இது ஒரு வக், இப்போது இரண்டு இருக்கிறது, இரண்டு என்ன?' என்று குழந்தைகளிடம் கேட்டார். முன்பள்ளிக் குழந்தைகளே பெரும்பாலும் 'வக்ஸ்' என்றன. முன்னே பின்னே கேட்டிராத சொல்லுக்கு எப்படிப் பன்மை வந்தது? விதி உள்ளே இருந்தால்தான் வரும். தமிழிலும் இதைச் செய்து பார்க்கலாம், செலவே இல்லை. ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டி 'இதுக்குப் பேரு லபம்' என்று சொல்லிவிட்டு, அதற்குள் பொம்மையைப் போட்டு, 'பொம்மை எங்க இருக்கு?' என்று கேளுங்கள். நாலு வயதுக் குழந்தை 'லபத்துல' என்று சொல்கிறதா இல்லையா பாருங்கள்.

இப்போது 'திஸ் இஸ் அ கேட்' பக்கம் வருவோம். அதில் பூனை இருக்கிறது என்பது மிஸ்ஸுக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும், பக்கத்தில் இருக்கிற இருபத்தொன்பது பேருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோரும் சேர்ந்து கத்துவதற்கு மொழி எதற்கு? மொழி வேண்டியது, ஒருத்தருக்குத் தெரிந்தது இன்னொருத்தருக்குத் தெரியாமல் இருக்கும்போது. ஆற்றில் தண்ணீர் வந்தது மிஸ்ஸுக்குத் தெரியாது, குழந்தைக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் பேச்சு பிறக்கிறது, வாக்கியம் நீள்கிறது, இலக்கணம் வேலை செய்கிறது. சரியாக அந்த இடத்தில்தான் 'ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்' வருகிறது.

கணக்குப் பதிவியலில் வாராக்கடன் என்று ஒன்று உண்டு. இனி வசூலாகாது என்று தெரிந்த கடனைத்தான் எழுதித் தள்ளுவார்கள். கிடங்கு நிறையக் கிடக்கிற நல்ல சரக்கை எழுதித் தள்ளிவிட்டு, கையில் ஒன்றும் இல்லை, புதிதாகக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று சொல்கிற வியாபாரி எவனும் கிடையாது. நர்சரி ஸ்கூல் மட்டும் செய்கிறது. அதற்கு ஃபீஸும் வாங்குகிறது.

பெற்றோரைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும் கூலி வேலைக்குப் போகிற அப்பாகூட வருடா வருடம் கடன் வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றுவது பெருமைக்காக மட்டும் இல்லை. பேங்கில், ஆஸ்பத்திரியில், கலெக்டர் ஆபீஸில் இங்கிலீஷ் தெரியாததால் பட்ட அவமானம் அவருக்குத்தான் தெரியும். தன் பிள்ளைக்கு அது வரக்கூடாது என்று நினைக்கிறார். நியாயம்தான். விருந்தாளி வந்தால் 'மிஸ் சொல்லிக்கொடுத்த ரைம்ஸ் சொல்லு' என்று பிள்ளையை நடுவீட்டில் நிறுத்துவதும் அந்த ஆசையில்தான். அந்த ஆசைக்கு எதைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ராகத்தோடு ஒப்பிக்கிற நாற்பது வாக்கியத்தை இங்கிலீஷ் என்று நம்ப வைக்கிறார்கள். அதே பிள்ளை மேல் வகுப்பில் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசத் திணறும்போது 'உங்க புள்ளைக்கு இன்ட்ரஸ்ட் இல்ல சார்' என்று பழியைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள்.

இந்தக் கூத்து தஞ்சாவூரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு முறை பெரிய அளவில் நடந்து, அதன் மேல் பெரிய சண்டையும் நடந்து முடிந்துவிட்டது. 1960-களின் நடுவில் இல்லினாய் மாநிலத்து அர்பானாவில் கார்ல் பெரைட்டர், சீக்ஃப்ரீட் எங்கல்மன் என்ற இருவர் ஏழைக் குழந்தைகளுக்கு, பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகளுக்கு, ஒரு முன்பள்ளி நடத்தினார்கள். 1966-ல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார்கள். இந்தக் குழந்தைகள் வீட்டில் பேசுவது படிப்புக்கு உதவாது, இவர்களுக்கு மொழியே இல்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மாதிரி வாக்கியம், வேகம், கோரஸ். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

வில்லியம் லபாவ் என்ற மொழியியல்காரர் 1969-ல் இதைப் பிடித்து உலுக்கினார். 'அணில் எங்கே?' என்று கேட்டால் 'மரத்துல' என்று குழந்தை சொல்கிறது. இது அரைகுறைப் பேச்சாம், முழு வாக்கியம் இல்லையாம்! லபாவ் கேட்டார்: எல்லோரும் அப்படித்தானே பதில் சொல்கிறோம்? கேள்வியில் எது ஏற்கெனவே இருக்கிறது, எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்தான் அப்படிச் சுருக்கிச் சொல்ல முடியும். முழு வாக்கியம் உள்ளே இல்லாமல் சுருக்கம் வெளியே வராது.

அவர் சொன்ன இன்னொரு கதை இன்னும் நல்ல கதை. நியூயார்க் ஹார்லெமில் லியோன் என்று எட்டு வயதுப் பையன். பேட்டி எடுக்கப் போனவரும் ஹார்லெம்காரர்தான், கறுப்பினத்தவர்தான். ஆனாலும் கேள்வி கேட்டால் பையன் ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். இந்த ஒலிநாடாவை மட்டும் கேட்டவர் 'பையனுக்குப் பேச்சு வராது' என்று எழுதியிருப்பார். அடுத்த முறை அதே ஆள் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டோடு போனார். லியோனின் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டார். தரையில் உட்கார்ந்தார். பெரியவர்கள் முன்னால் பேசக்கூடாத வார்த்தைகளையும் சகஜமாகப் பேசினார். அவ்வளவுதான். இரண்டு பையன்களும் ஒருத்தனை ஒருத்தன் முந்திக்கொண்டு பேசினார்கள். பையன் மாறவில்லை, அவனுடைய இலக்கணமும் மாறவில்லை. எதிரே இருந்தவர் நாற்காலியை விட்டு இறங்கினார், அதுதான் மாறியது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். எங்கல்மன் வழி முழுக்கத் தோற்றுவிடவில்லை. அமெரிக்க அரசு பல கற்பித்தல் முறைகளை ஒப்பிட்டு 1977-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் எழுத்து, கணக்கு மாதிரி அடிப்படைத் திறன்களில் அவர் முறை முன்னால் நின்றது. ஒழுங்காகத் திட்டமிட்ட பயிற்சிக்குப் பலன் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் அங்கே ஒவ்வொரு பாடமும் வரி வரியாக எழுதி, ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, நாலைந்து குழந்தைகளைக் குழுவாக உட்கார வைத்து நடத்தினார்கள். இங்கே முப்பது குழந்தை, ஒரு சார்ட், சொந்தமாக இங்கிலீஷில் ரெண்டு நிமிடம் பேசத் தயங்குகிற, மாதம் சொற்பச் சம்பளம் வாங்குகிற ஒரு மிஸ். இதற்கும் அதற்கும் ஒப்பீடே கிடையாது.

சரி, இங்கிலீஷ்காரர்களை விடுங்கள். தமிழ்ப் பற்றாளர்கள் என்ன செய்கிறார்கள்? 'ஆத்துல இல்லம்மா, ஆற்றில் என்று சொல்லு. வந்துருச்சு தப்பு, வந்துவிட்டது.' மேடையில் கைதட்டல் வாங்கலாம். நாலு வயதுக் குழந்தைக்கு அது இன்னொரு வகை 'ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்'தான். திருத்துகிறவரே மத்தியானம் வீட்டுக்குப் போனதும் 'சாப்பாடு ஆயிருச்சா?' என்றுதான் கேட்பார், 'ஆகிவிட்டதா?' என்று இல்லை. பேச்சுத் தமிழ் என்பது எழுத்துத் தமிழ் உடைந்து போன துண்டு இல்லை. அதற்கென்று கட்டுக்கோப்பு உண்டு. ஹெரால்ட் ஷிஃப்மன் என்ற அமெரிக்கர் 1999-ல் பேச்சுத் தமிழுக்கென்றே தனி இலக்கண நூல் எழுதிக் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் வெளியிட்டது. 1981-ல் தமிழுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் எழுந்த ஊர் தஞ்சாவூர். அந்த ஊர் நர்சரியில் ஊர்ப் பேச்சு தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் திருத்தத்தில் இன்னொரு விஷம் கலந்திருக்கிறது. யாருடைய பேச்சு அதிகம் திருத்தப்படுகிறது? 'அம்மா வந்துச்சு' என்று சொல்கிற குழந்தையைப் பார்த்து 'அம்மா என்ன ஆடா மாடா? வந்தாங்கன்னு சொல்லு' என்று வகுப்பே சிரிக்கும். காவிரிப் பாசன ஊர்களில் எத்தனையோ வீடுகளில் அம்மா 'வந்துச்சு'தான். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, பாசம்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தெருக் குழந்தை அப்படிப் பேசும், எந்தத் தெருக் குழந்தை சிரிக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருத்துவது வினைமுற்றை மட்டும் என்று நினைக்கிற அளவுக்கு யாரும் அப்பாவி இல்லை. அப்படி ஒரு முறை சிரிப்புக்கு ஆளான குழந்தை அடுத்த நாள் செய்தி கொண்டுவராது.

கடல் தாண்டி ஒரு பாடம் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் தமிழ் உண்டு, பரீட்சை உண்டு. ஆனால் சொல்லிக்கொடுத்தது எழுத்துத் தமிழ், வீட்டிலோ மெல்ல மெல்ல இங்கிலீஷ் குடியேறியது. குழந்தைகளுக்குக் கட்டுரை எழுத வந்தது, பாட்டியோடு பேச வரவில்லை. 2005-ல் அங்கே தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத் தமிழைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு வந்த பாடத்திட்டத்தில் அது சேர்ந்தது. அதாவது, ஒரு அரசாங்கம் செலவு செய்து, வாத்தியார் வைத்து, குழந்தைகள் வாயில் 'வந்துருச்சு'வைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறது. திருவையாற்றிலும் நீடாமங்கலத்திலும் அது குழந்தை வாயில் சும்மா கிடைக்கிறது. இங்கே செலவு செய்து அதைத் துரத்துகிறார்கள்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் குழந்தையிடம் இருக்கிற இலக்கணத்தை இழுத்து நீட்டுகிற பயிற்சியாக இருக்க வேண்டும். அந்த ஜூன் மாதக் காலையையே எடுத்துக்கொள்வோம்.

"மிஸ், ஆத்துல தண்ணி வந்துருச்சு!"

"அப்படியா? எந்த ஆத்துல?"

"புது ஆத்துல."

"நேத்து இருந்துச்சா?"

"இல்ல, நேத்து இல்ல. இன்னைக்குத்தான் வந்துச்சு."

"நீ எப்படிப் பாத்த?"

"வேன்ல வரும்போது பாத்தேன்."

"தண்ணி வரலன்னா என்ன ஆகும்?"

"நாத்து காஞ்சு போயிரும்னு தாத்தா சொன்னாங்க."

ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் இடம், காலம், எதிர்மறை, 'வரும்போது' என்கிற துணைவாக்கியம், நிபந்தனை, இன்னொருத்தர் சொன்னதை எடுத்துச் சொல்வது எல்லாம் வந்துவிட்டன. ஒரு வார்த்தை திருத்தவில்லை. கேள்விதான் பயிற்சி. அதிலும் மிஸ்ஸுக்கு உண்மையிலேயே பதில் தெரியாத கேள்வி.

முப்பது குழந்தையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிடமும் இப்படிப் பேச முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். அதற்கு வேறு வழிகள் உண்டு. ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, 'எனக்கு நாலு தட்டு வேணும்னு ஆயாகிட்ட சொல்லு' என்று அனுப்பினால் அது போய், 'மிஸ்ஸுக்கு நாலு தட்டு வேணுமாம்' என்று சொல்ல வேண்டும். 'எனக்கு' என்பது 'மிஸ்ஸுக்கு' ஆகிறது, 'வேணும்' என்பது 'வேணுமாம்' ஆகிறது. ஆயா, 'மூணுதான் இருக்கு, ஒண்ணு கழுவல' என்று திருப்பி அனுப்பினால் அதுவும் மாறி வர வேண்டும். தெரிந்த கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால், காக்காய் வடையை நரிக்குப் பிரியமாக ஊட்டிவிட்டதாகச் சொன்னால், முப்பது குழந்தையும் 'இல்ல மிஸ், அப்படி இல்ல!' என்று எழுந்து நிற்கும். இதுவும் கோரஸ்தான், ஆனால் ஒவ்வொன்றின் வாயிலும் வேறு வேறு வாக்கியம் இருக்கும். பொண்ணுங்க இரண்டு வரிசையாகக் கை கோத்து நின்று கேள்வியும் பதிலுமாக முன்னே பின்னே போய் ஆடுகிற பூப்பறிக்கும் விளையாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, அவருக்கு எந்தப் பி.எட் காலேஜும் சொல்லித்தரவில்லை. வினாவும் விடையும் அதில் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும்.

எழுத்துத் தமிழ் எப்போது வரும்? காது வழியாக வரும். மிஸ் தினமும் ஒரு கதைப் புத்தகத்தை, புத்தகத்தில் இருக்கிறபடியே வாசிக்க வேண்டும். 'பாட்டி ஆற்றில் குளித்தாள்' என்று வாசிப்பதைக் கேட்ட குழந்தை, வீட்டில் போய் 'பாட்டி ஆத்துல குளிச்சுச்சாம்' என்று சொல்லும். இரண்டும் ஒன்றுதான் என்று அதற்குப் புரிந்துவிட்டது. புத்தகத்துக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு. ஒன்றாம் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கும்போது அது அந்நியமாக இருக்காது.

விவசாயம் தெரிந்த ஜில்லாவுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. நர்சரிக்குத் தமிழ் நாற்றங்கால். விதை விட்ட மூன்றாம் நாள் பிடுங்கி நடுகிறவர் யாரும் இங்கே கிடையாது. இளநாற்று வேண்டும் என்கிற ஒற்றை நாற்று நடவில்கூட பதினாலு நாள் பொறுக்கிறார்கள். (2010-ல் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருடம் ஆனபோது இந்த நடவுக்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் வைத்தார்கள். வயலில் இன்னும் ஒற்றை நாற்று என்றுதான் சொல்கிறார்கள்.) நெல்லுக்கு இருக்கிற பொறுமை பிள்ளைக்கு இல்லை.

'வீட்டிலேயே தமிழ் வந்துடுதே, அதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?' என்று ஒரு கட்சி உண்டு. நடவு நேரத்தில் விடியும் முன்னே அம்மா வயலுக்குக் கிளம்பிவிடும் வீட்டில் குழந்தையோடு யார் பேசுகிறார்கள்? 'சாப்டு', 'அடங்கு', 'போனைக் குடு' என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. அது அம்மாவின் குற்றம் இல்லை, இடுப்பு ஒடிய நட்டுவிட்டு வருகிறவரிடம் கதை சொல்லச் சொல்ல முடியாது. கண் முன்னால் இல்லாததைப் பற்றி, நேற்று நடந்ததைப் பற்றி, ஏன் நடந்தது என்பதைப் பற்றிப் பேசப் பழக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கன்வாடி. ஊரில் இன்னும் பால்வாடிதான்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உண்டு. 1975-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், 1982-ல் வந்த சத்துணவு என்று சோறு போடுவதில் இந்த மாநிலம் செய்தது சாதனைதான், சும்மா சொல்லக்கூடாது. முன்பருவக் கல்விக்கென்று 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமும் இருக்கிறது. பெயரே நன்றாக இருக்கிறது. ஆனால் பணியாளர் ஒருத்தர், உதவியாளர் ஒருத்தர். எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிக் கணக்கு எழுத வேண்டும், 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காவிட்டால் வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 'எந்த ஆத்துல தண்ணி வந்துச்சு?' என்று அவர் எப்போது கேட்பார்?

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். தொடர்ந்தது நல்லது. ஆனால் 54 ஆயிரத்தில் 2,381 என்பது எத்தனை சதவீதம் என்று கால்குலேட்டர் இல்லாமலே போடலாம். இன்னொரு பக்கம், 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கான ஃபீஸை அரசு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது எல்.கே.ஜியிலேயே ஆரம்பிக்கிறது. சொந்தப் பால்வாடியில் பேச ஆள் போடாத அரசு, அதே தெருக் குழந்தை பக்கத்து நர்சரியில் போய் உதட்டில் விரல் வைத்து உட்கார ஃபீஸ் கட்டுகிறது. எந்தப் பேரேட்டில் இதை வரவு வைப்பது?

கடைசியாக, 'இங்கிலீஷ் வேண்டாம்கிறீங்களா?' என்று கோபமாகக் கேட்பவர்களுக்கு. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷில் குழந்தையோடு சகஜமாகப் பேசி, பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் மூன்று வயதிலேயே தாராளமாக ஆரம்பிக்கலாம். குழந்தைகள் இரண்டு மொழி என்ன, தெருவில் புழங்கினால் மூன்றும் பிடித்துக்கொள்வார்கள். தஞ்சாவூர் கீழவாசலில் வீட்டில் சௌராஷ்டிரமோ மராத்தியோ பேசி, கடையில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். அந்த ஆள் கிடைக்காத வரைக்கும் சார்ட்டைச் சுருட்டிப் பீரோ மேல் வைத்துவிட்டு, பிள்ளையைப் பேச விடலாம். பெற்றோரும் சாயங்காலம் வேன் வந்து நின்றதும் 'இன்னைக்கு மிஸ் என்ன சொல்லிக்கொடுத்தாங்க?' என்று கேட்பதை ஒரு நாள் நிறுத்திவிட்டு, 'இன்னைக்கு மிஸ்கிட்ட நீ என்ன சொன்ன?' என்று கேட்டுப் பார்க்கட்டும். ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு வாரம் தொடர்ந்து பதில் வந்தால், கட்டின ஃபீஸ் ரசீதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்.